முதல் சீசன் யாருடைய கணக்கு?
சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகளும் புதிய பயிற்சியாளர்களும்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் மார்ச் மாதத்தோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஆட்டம் ஓய்ந்த கையோடு பயிற்சியாளர் நாற்காலிகள் ஆடத் தொடங்கும். வென்றவரைப் பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொள்ளும். தோற்றவரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பும். முப்பது வருஷம் உழைத்தவர் தாமாகவே விடைபெறுவார். ஏப்ரலிலோ மே மாதத்திலோ புதியவரின் பெயர் வெளியாகும். சிறிய கிறிஸ்தவக் கல்லூரி என்றால் அந்த அறிவிப்பில் பெரும்பாலும் இரண்டு தகுதிகள் சொல்லப்பட்டிருக்கும்: அவர் வென்ற ஆட்டங்கள், அவருடைய விசுவாசம். நவம்பரில் முதல் ஆட்டம். நடுவிலுள்ள ஆறு மாதம் முழுக்க எதிர்பார்ப்புதான்.

புதியவர் வந்ததால் அணி மாறுமா? மாறினால் எது மாறும், எப்போது மாறும்? இதற்கு மூன்று விதமான பதில்கள் புழக்கத்தில் உள்ளன. பயிற்சியாளர்தான் எல்லாம் என்பது ஒன்று. நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால் யார் வந்தாலும் வெல்லலாம் என்பது இரண்டாவது. இருவரும் கல்லூரியின் பணப்பெட்டிக்குக் கட்டுப்பட்டவர்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்பது மூன்றாவது. கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றிலும் உண்மை இருக்கிறது; ஆனால் மூன்றும் ஒரே காலத்துக்குரிய உண்மைகள் அல்ல. முதல் சீசனின் வெற்றி தோல்வி பெரும்பாலும் முந்தையவரின் கணக்கு. புதியவரின் கை தெரிவது இரண்டாம், மூன்றாம் சீசன்களில். அதுவரை அவரைத் தாங்கி நிற்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் கையில்.

பிறவி உறவு

கூடைப்பந்துக்கும் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் உள்ள உறவு விளையாட்டு பிறந்தபோதே பிறந்தது. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஓடியாட வைக்க ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டி, 13 விதிகளை எழுதிக் கொடுத்தார். அவர் இறையியல் படித்தவர். பின்னாளில் குருப்பட்டமும் பெற்றார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

நெய்ஸ்மித் பின்பு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அணியை நடத்தினார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வரிசையில் வென்றதைவிட அதிகமாகத் தோற்றவர் அவர் ஒருவர்தான். விளையாட்டையே உருவாக்கியவரை வெற்றி தோல்விப் பட்டியல் இப்படி அளக்கிறது என்றால், அந்த அளவுகோலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

இன்று சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் ஒரே மட்டத்தில் ஆடுவதில்லை. சில, என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் டிவிஷனில், தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆடுகின்றன. மிகப் பல மூன்றாம் டிவிஷனில் உள்ளன. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கொண்ட அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. 1937-இல் கான்சாஸ் சிட்டியில் ஒரு சிறு கல்லூரிப் போட்டியாகத் தொடங்கி வளர்ந்த என்.ஏ.ஐ.ஏ. அமைப்பில் ஓரளவு உதவித்தொகை உண்டு. 1968-இல் அமைந்த தேசியக் கிறிஸ்தவக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் சில நூறு மாணவர்களே உள்ள பைபிள் கல்லூரிகளும் ஆடுகின்றன. இல்லினாயின் வீட்டன் கல்லூரி 1957-இல் என்.சி.ஏ.ஏ. சிறு கல்லூரிகளுக்கென்று நடத்திய முதல் போட்டியிலேயே பட்டம் வென்றது. மிச்சிகனின் கால்வின் கல்லூரி 1992-லும் 2000-லும் மூன்றாம் டிவிஷன் பட்டத்தைக் கைப்பற்றியது. ஆகவே சிறிய கல்லூரி என்றால் பலவீனமான அணி என்று பொருளில்லை. இழந்தவரை ஈடுகட்ட மாற்று ஆள் கையில் இல்லாத அணி என்பதே சரி. இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் போனால் அந்த இடத்தை நிரப்பப் பெஞ்சில் ஆள் இருக்காது.

பயிற்சியாளரின் உண்மையான வேலை

பெரிய பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே உதவியாளர்கள், காணொளி ஆய்வாளர், உடற்பயிற்சி நிபுணர், பயண ஏற்பாட்டாளர் என்று ஒரு பட்டாளமே இருக்கும். சிறிய கல்லூரியில் அவரே வேன் ஓட்டுவார், அவரே வகுப்பும் எடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மாணவர் சேர்க்கை அலுவலகத்தின் நீட்சி. கட்டணத்தை நம்பி வாழும் கல்லூரிக்கு அணியில் சேரும் ஒவ்வொரு மாணவனும் ஒரு சேர்க்கை. அதனால்தான் பன்னிரண்டு பேர் போதும் என்ற இடத்தில் இருபது, இருபத்தைந்து பேரைச் சேர்த்து, இரண்டாம் அணி ஒன்றையும் நடத்துகிறார்கள்.

இதோடு விசுவாசமும் சேர்கிறது. சில கல்லூரிகள் மாணவர்களிடம் விசுவாச அறிக்கையில் கையெழுத்து கேட்கும். பல கல்லூரிகள் மது கூடாது, வாராந்தர ஆராதனைக்கு வர வேண்டும் என்று விதி வைத்திருக்கும். பயிற்சியாளர் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனைப் பார்க்கப் போனால், அவன் பந்தை எப்படி எறிகிறான் என்பதோடு, இந்த ஒழுங்குக்குள் நான்கு வருஷம் இருப்பானா, அவன் வீட்டாரால் கட்டணத்தைச் சமாளிக்க முடியுமா என்றும் பார்த்தாக வேண்டும். தேர்வு செய்யும் வட்டம் அப்படித்தான் சுருங்குகிறது. அந்த வட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஆள் (எந்தப் பள்ளியில் யார் பயிற்றுநர், எந்தச் சபையில் எந்தக் குடும்பம் என்று அறிந்தவர்) விலகும்போது, அந்த அறிமுகங்களும் அவரோடு போய்விடுகின்றன.

காலக் கணக்கையும் கவனிக்க வேண்டும். புதியவர் ஏப்ரலில் பொறுப்பேற்கும்போது, அந்த ஆண்டுப் பள்ளி இறுதி மாணவர்களில் நல்லவர்கள் ஏற்கெனவே வேறு கல்லூரிகளுக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் லீகுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களில் பலவும் முன்னவர் ஒப்புக்கொண்டவை. அவற்றில் சில, பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்கில் போய்த் தோற்பதற்கென்றே பணம் வாங்கிக்கொள்ளும் ஆட்டங்கள். அந்தப் பணம் விளையாட்டுத் துறையின் செலவுக்கு வேண்டும். ஆக, முதல் சீசனில் ஆட்டக்காரர்களும் முன்னவருடையவர்கள், அட்டவணையும் முன்னவருடையது. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர். பதர் வந்தால் மட்டும் பழி அறுத்தவருக்கு.

நான்கு கைமாற்றங்கள்

இதைச் சோதித்துப் பார்க்க, அண்மைக் காலத்தில் பலரும் கவனித்த நான்கு கைமாற்றங்கள் உதவும். நான்கும் முதல் டிவிஷனைச் சேர்ந்தவை. பெரிய மேடையில் நடந்ததால் விளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன.

டென்னசியின் நாஷ்வில் நகரில் பாப்டிஸ்ட் மரபில் வளர்ந்த பெல்மான்ட் பல்கலைக்கழகத்தை ரிக் பைர்ட் 1986 முதல் 2019 வரை நடத்தினார். தம் வாழ்நாளில் 805 ஆட்டங்கள் வென்றவர். அவர் ஓய்வு பெற்றதும் வந்தவர் கேசி அலெக்சாண்டர். பைர்டிடம் ஆடியவர், அவரிடமே உதவியாளராக இருந்தவர், அதே சாலையில் சில மைல் தள்ளியுள்ள லிப்ஸ்கம்ப் பல்கலைக்கழகத்தை ஆறு வருஷம் நடத்தியவர். முதல் சீசனிலேயே 26 வெற்றி, 7 தோல்வி, லீக் பட்டம். கொரோனா வந்து தேசியப் போட்டியை ரத்து செய்யாவிட்டால் அதற்கும் போயிருப்பார்கள். இங்கே ஆள்தான் மாறினார், ஆட்டமுறை மாறவில்லை.

டெக்சஸின் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 53–52 என்று வீழ்த்தியது; கடைசி நொடியில் ஜோ பிளெசன்ட் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் ஆட்டத்தை முடித்தன. அடுத்த மாதமே பயிற்சியாளர் ஜோ கோல்டிங் எல் பாசோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவியாளராக இருந்த பிரெட் டானரையே கல்லூரி தலைமைக்கு உயர்த்தியது. பழைய ஆட்டக்காரர்களில் பலர் தங்கினார்கள். முதல் சீசனில் 25 வெற்றி.

இந்த இரண்டைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவரை உயர்த்தினால் போதும் என்று முடிவு கட்டினால், ஓக்லஹோமாவின் டல்சா நகரிலிருந்து மறுப்பு வரும். ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகம் சுவிசேஷகர் ஓரல் ராபர்ட்ஸ் 1963-இல் நிறுவியது. 2022–23 சீசனில் அந்த அணி 30 ஆட்டம் வென்று 5 மட்டுமே தோற்றது. லீகில் ஒரு தோல்விகூட இல்லை. பயிற்சியாளர் பால் மில்ஸ் விச்சிட்டா ஸ்டேட்டுக்குப் போனார். உதவியாளர் ரஸல் ஸ்பிரிங்மன் தலைமைக்கு வந்தார். அபிலீனில் செய்த அதே ஏற்பாடுதான். ஆனால் அணியின் உயிராக இருந்த மேக்ஸ் அப்மஸ் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். வேறு சிலரும் போனார்கள். அடுத்த சீசன் 12 வெற்றி, 19 தோல்வி. உள்ளிருந்து வந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, யார் தங்கினார்கள் என்பது.

நான்காவது, நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இயேசு சபையார் 1872-இல் தொடங்கிய செயின்ட் பீட்டர்ஸ். 2022 மார்ச்சில் தேசியப் போட்டியில் தன் பிரிவின் தரவரிசையில் 15-ஆம் இடத்தில் வைக்கப்பட்ட அந்த அணி கென்டக்கியை வீழ்த்தியது, மர்ரே ஸ்டேட்டை வீழ்த்தியது, பர்டூவை 67–64 என்று வீழ்த்தியது. 15-ஆம் தரவரிசை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. அங்கே வட கரோலினாவிடம் தோற்ற சில நாள்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே செட்டன் ஹாலுக்குப் போனார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்குக் கலைந்தார்கள். வேக்னர் கல்லூரியிலிருந்து வந்த பஷீர் மேசன் கைக்குக் கிடைத்தது சீருடைகளும் காலி இடங்களும். முதல் சீசன் 14 வெற்றி, 18 தோல்வி. அதை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் தப்பாகியிருக்கும். இரண்டாம் சீசனில் அவருடைய அணி லீக் பட்டம் வென்று தேசியப் போட்டிக்குத் திரும்பியது.

இந்தக் கலைப்புக்குப் பின்னால் விதி மாற்றங்கள் உள்ளன. கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. முதல் முறை மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்ற விதி 2021 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்ட என்.சி.ஏ.ஏ. ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது, என்.ஏ.ஐ.ஏ. அதை 2020 அக்டோபரிலேயே அனுமதித்துவிட்டது. முன்பெல்லாம் பயிற்சியாளர் போனாலும் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். இப்போது பயிற்சியாளர் போனபின் ஆட்டக்காரர்கள் மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறிய கல்லூரி ஒரு நல்ல ஆட்டக்காரனை உருவாக்கினால், அவனுக்குப் பெரிய கல்லூரியிலிருந்து விலை வந்துவிடுகிறது. மூன்றாம் டிவிஷனிலும் என்.ஏ.ஐ.ஏ.விலும் பணத்தின் இழுப்பு குறைவு. ஆனால் ‘இவரை நம்பித்தானே வந்தேன்’ என்ற ஆட்டக்காரனின் வருத்தம் அங்கும் அதே அளவுதான்.

ஆட்டமுறையை மாற்றுதல்

ஆள்பலத்தை உடனே மாற்ற முடியாத பயிற்சியாளர் ஆட்டமுறையை மாற்றலாம். இதில் மிகத் துணிந்த முயற்சி அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் டேவிட் ஆர்செனோ உருவாக்கியது. ஐந்து ஐந்து பேராக அணி முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிக்கொண்டே இருப்பது. ஆடுகளம் நெடுக எதிரியை நெருக்குவது. பந்து கிடைத்ததும் சில நொடிகளில் எறிவது, அதிலும் மூன்று புள்ளி எறிதல்களையே நாடுவது. 2012 நவம்பர் 20 அன்று கிரின்னலின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தது இந்த முறையில்தான். எதிரே நின்றது ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரி, ஆட்டம் 179–104. உலகச் செய்தியான அந்த இரவில் பைபிள் கல்லூரியின் ஆட்டக்காரர் ஒருவர் 70 புள்ளி எடுத்தார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

இந்த முறையைச் சில கிறிஸ்தவக் கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. இல்லினாயில் நசரேன் சபையின் ஆலிவெட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணி இதை ஆடியது. அதே மாநிலத்தின் கிரீன்வில் பல்கலைக்கழகம், சுதந்திர மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது, 2019-இல் ஃபான்ட்பான் அணியை 200–146 என்று வென்றது. பார்க்க வேடிக்கை போலத் தோன்றினாலும் இதன் கணக்கு கெட்டி. பதினைந்து பேருக்கும் ஆட வாய்ப்புக் கிடைக்கும் அணிக்கு ஆள் சேர்ப்பது எளிது. நான்கு வருஷமும் பெஞ்சில்தான் என்று தெரிந்த பையன் இரண்டாம் வருஷம் கல்லூரியை விட்டே போய்விடுவான். ஆடுகிறவன் கட்டணம் கட்டித் தங்குவான். ஆட்டமுறை இங்கே சேர்க்கைக் கொள்கையாகவும் வேலை செய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இதற்கு வேண்டிய உடல்தகுதி ஒரு கோடையில் வராது. எதிரணி பதறாமல் பந்தைக் கடத்தினால் எளிய கூடைகள் விழுந்துகொண்டே இருக்கும். முன்னவர் உயரமும் நிதானமும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு முதல் சீசனிலேயே இதைத் தொடங்குவது, கையிலிருப்பதையும் வீணாக்கும் வேலை. ஆட்டமுறை மாற்றமும் இரண்டாம் சீசன் சமாசாரம்தான்.

விதிவிலக்கு ஒன்று: இம்மாகுலாட்டா

புதியவர் வந்து உடனடியாக எல்லாம் மாறிய கதையும் உண்டு. பிலடெல்பியாவுக்கு வெளியே இருந்த இம்மாகுலாட்டா, கன்னியாஸ்திரிகள் நடத்திய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. 1970-இல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் பயிற்சியாளராக வந்தார், இருபதுகளின் தொடக்கம், சீசனுக்கு 450 டாலர் சம்பளம். கல்லூரியின் விளையாட்டரங்கு 1967-இல் எரிந்துபோயிருந்தது. பயிற்சி, கன்னியர் மடத்தின் நிலவறையில். ஆட்டக்காரிகள் முழங்கால் வரை தொங்கும் கம்பளிச் சட்டையில் ஆடினார்கள். பார்வையாளர் வரிசையில் கன்னியாஸ்திரிகள் தகர வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

முதல் சீசன் 10 வெற்றி, 2 தோல்வி. இரண்டாம் சீசனில் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டி வந்தது. பதினாறு அணிகளில் அவர்களுக்கு 15-ஆம் தரவரிசை. இல்லினாய் வரை விமானத்தில் போகப் பணமில்லை. பல் துலக்கும் பிரஷ் விற்றுக்கூடப் பணம் திரட்டியும் எட்டு ஆட்டக்காரிகளுக்குத்தான் கட்டணம் தேறியது. இறுதியில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர், சற்று முன்புதான் அவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் அடித்த அணி. இம்மாகுலாட்டா 52–48 என்று வென்றது. 1973, 1974-லும் பட்டம் அவர்களுக்கே. ஏழு சீசன்களில் ரஷ்ஷின் கணக்கு 149 வெற்றி, 15 தோல்வி.

இதைப் பயிற்சியாளரின் மாயம் என்று சொல்லிவிடலாம். ரஷ்ஷின் திறமை பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த நிலத்தையும் பார்க்க வேண்டும். பிலடெல்பியாவின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து லீக் நெடுங்காலமாக உயிரோடு இருந்தது. தெரசா ஷாங்க் போன்றவர்கள் அங்கிருந்து நன்றாகப் பழகி வந்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு உதவித்தொகை தராத காலம். ஆகவே நல்ல ஆட்டக்காரியைப் பிடுங்கிக்கொண்டு போக யாருமில்லை. பெண் கல்விக்குச் சமவாய்ப்புத் தரும் சட்டம் 1972-இல் வந்து, பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு களத்தில் இறங்கியபின் இம்மாகுலாட்டாவின் காலம் முடிந்தது. விதிவிலக்கு விதியையே உறுதி செய்கிறது: திறமையான ஆட்டக்காரிகள் தங்கிய இடத்தில் திறமையான பயிற்சியாளர் வந்தால் பலன் உடனே தெரியும்.

பயிற்சியாளர் போனாலும் மிஞ்சுவது

வெற்றிக் கணக்குக்கு வெளியே ஒரு சங்கதி உண்டு. லிப்ஸ்கம்பை 1975 முதல் 1999 வரை நடத்திய டான் மேயர் அணிக்கு மூன்று விதிகள் வைத்திருந்தார்: எல்லாரும் குறிப்பெடுக்க வேண்டும், எல்லாரும் மரியாதையாகப் பேச வேண்டும், கீழே கிடக்கும் குப்பையை எல்லாரும் பொறுக்க வேண்டும். அந்த அணி 1986-இல் என்.ஏ.ஐ.ஏ. பட்டம் வென்றது, 1989–90 சீசனில் 41 வெற்றி பெற்றது. கல்லூரி முதல் டிவிஷனுக்குப் போக முடிவு செய்த காலத்தில் மேயர் விலகி, தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டார். இந்தியானா வெஸ்லியனில் கிரெக் டோனகல் ‘நான் மூன்றாமவன்’ என்ற கொள்கையை அணியின் மையமாக்கினார்: கடவுள் முதல், பிறர் அடுத்து, தான் கடைசி. அவருடைய அணி 2014, 2016, 2018 ஆண்டுகளில் பட்டம் வென்றது.

இவை ஒரு மனிதரோடு வந்து அவரோடு போகும் பழக்கங்களா, கல்லூரியின் மண்ணில் ஊன்றியவையா? ஊன்றியவையும் உண்டு. இந்தியானாவின் டெய்லர் பல்கலைக்கழகத்தில் டிசம்பர்த் தேர்வுக்கு முந்தைய ஆட்டத்தில், வேஷம் கட்டிக்கொண்டு வந்து அரங்கை நிறைக்கும் மாணவர்கள் தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுக்கும்வரை மூச்சு விடுவதில்லை. ஷூ தேயும் சத்தமும் பந்து தரையில் படும் சத்தமும் மட்டும் கேட்கும். பத்தாவது புள்ளி விழுந்ததும் கூரை அதிரும். 34 வருஷம் அணியை நடத்திய பால் பேட்டர்சன் 2013-இல் விலகினார். அந்த வழக்கம் நிற்கவில்லை. புதிய பயிற்சியாளர் இப்படிப்பட்ட கல்லூரிக்கு வந்தால் அரங்கு நிரம்புமா என்ற கவலை அவருக்கு இல்லை. இந்த மாதிரி ஒட்டுதல் இல்லாத கல்லூரியில் அவர் ஆட்டத்தோடு பார்வையாளரையும் உண்டாக்க வேண்டியிருக்கும்.

கல்லூரியே நிற்குமா?

சிறிய கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத கேள்வி இது. மாணவர் குறைவு பல கல்லூரிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. சின்சினாட்டி கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 2016-இல் அமெரிக்கக் கால்பந்து அணியைத் தொடங்கியது. 2019 முடிவில் கல்லூரியே மூடப்பட்டது. மெதடிஸ்ட் சபையின் பர்மிங்ஹாம்-சதர்ன் 2024 மே 31 அன்று மூடியது. அன்றும் அதன் பேஸ்பால் அணி தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கிரீன்வில்லிடம் 200 புள்ளி வாங்கிய ஃபான்ட்பான் 2025-இல் மூடியது. அணி தொடங்கினால் மாணவர் சேர்வர் என்பது உண்மைதான். ஆனால் அணிக்காக வந்தவர் அணி தோற்றால் போவார், பயிற்சியாளர் போனாலும் போவார். விளையாட்டை மட்டும் தூணாக நம்பிய கல்லூரிக்கு ஒவ்வொரு பயிற்சியாளர் மாற்றமும் சேர்க்கை நெருக்கடியாகிவிடும்.

வரும் சீசனில் எதைப் பார்ப்பது

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், புதிய பயிற்சியாளரின் முதல் சீசனை அளக்க வெற்றி தோல்வி எண்ணிக்கையைவிட நல்ல கேள்விகள் உள்ளன. போன சீசனில் அதிக நேரம் ஆடியவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள்? இதைச் செப்டம்பரிலேயே தெரிந்துகொள்ளலாம். நவம்பர் முடிவுகளைவிட இது அதிகம் சொல்லும். லீக் ஆட்டங்களில் ஒரே எதிரியைப் பெரும்பாலும் இரண்டு முறை சந்திக்க வேண்டியிருக்கும். ஜனவரியில் இருபது புள்ளியில் தோற்ற அணியிடம் பிப்ரவரியில் நான்கு புள்ளியில் தோற்றால், பட்டியலில் அது இன்னொரு தோல்வி, பயிற்சியில் அது முன்னேற்றம். 32 புள்ளி வித்தியாசத்தைச் சில நாள்களில் புரட்டிப்போட்ட இம்மாகுலாட்டாவை நினைத்தால் இது புரியும். கடைசிக் கேள்விதான் முக்கியமானது: முதல் சீசன் முடிந்த ஏப்ரலில் அணியில் மிஞ்சுவது யார், அடுத்த ஆகஸ்டில் புதிதாக வந்து சேர்வது யார்? புதியவர் தாமே தேர்ந்தெடுக்கும் முதல் அணி அதுதான்.

ஆகவே மூன்று சீசன் அவகாசம் தராமல் ஒரு பயிற்சியாளரை மதிப்பிடும் நிர்வாகம், முன்னவர் எழுதிய விடைத்தாளுக்குப் புதியவர் பெயரில் மதிப்பெண் போடுகிறது. பெரிய பல்கலைக்கழகம் அந்தத் தவறைப் பணத்தால் சரிக்கட்டிக்கொள்ளும். சிறிய கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. பொறுமைதான் அதனிடம் உள்ள முதலீடு. அதையும் ஒரே சீசனில் செலவழித்துவிட்டால், அடுத்து வருகிறவருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.